அரசியல் அறிவியல் படிக்க ஜெர்மனி எதற்கு? ஒரு செமஸ்டர் வெளிநாடு, களப்பயணம்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை

வணக்கம். மதுரையில் எம்.ஏ. அரசியல் அறிவியல் முதலாண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரிக்கும் பெர்லினில் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் இருக்கிறது. வரும் குளிர்கால செமஸ்டருக்குப் போகிறாயா என்று கேட்கிறார்கள். கல்விக் கட்டணம் இல்லை. தங்குவது, சாப்பிடுவது, விமான டிக்கெட் எல்லாம் நம் பாடு. விஷயத்தைச் சொன்னதும் அப்பா கேட்டது ஒரே கேள்வி: "இங்க இல்லாத அரசியலா அங்க இருக்கு?"

இன்னொரு பக்கம், இந்த வருடம் துறையில் களப்பயணத்தை ஒரு தாளாகவே வைத்திருக்கிறார்கள். கிராம சபை, கலெக்டர் ஆபீஸ், சட்டமன்றம். பெர்லின் போனால் இது போய்விடும். எது உண்மையிலேயே படிப்புக்குச் சத்து சேர்க்கும்? தயவுசெய்து "எக்ஸ்போஷர் கிடைக்கும்" என்று மட்டும் எழுதாதீர்கள். அதைச் சொல்லாத ஆளே இல்லை.

கடைசி பெஞ்ச்

அப்பா கேட்டது நியாயம்தானே!

ஐ.வி. (தொழிற்சாலை பார்க்கும் கல்விப் பயணம்) என்ற பெயரில் கொடைக்கானல் போன பரம்பரை நாம். எங்கள் பி.ஏ. பேட்ச்சை 'நாடாளுமன்றக் கல்விப் பயணம்' என்று தில்லிக்குக் கூட்டிப் போனார்கள். ஆக்ராவுக்கு ஒரு முழு நாள், கரோல் பாக்கில் ஸ்வெட்டர் வாங்க ஒரு மாலை, பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தது மட்டும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அந்த நேரத்தில் அவை அமளியில் ஒத்திவைக்கப்பட்டது. சன்சத் டி.வி.யில் இதைவிடத் தெளிவாகத் தெரியும், பாஸ் வாங்க எம்.பி. வீட்டு வாசலில் நிற்கவும் வேண்டாம். களப்பயணம், வெளிநாடு எல்லாம் ரெஸ்யூமேயில் ஒரு வரி. அவ்வளவுதான்.

பெர்லின் பஸ்

அதே ஊரில் மாஸ்டர்ஸ் முடித்தவன் என்பதால் எழுதுகிறேன். கட்டடம் பார்க்கப் போவதாக இருந்தால் கடைசி பெஞ்ச் சொல்வது சரி. ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடமான ரைக்ஸ்டாக்கின் கண்ணாடிக் குவிமாடத்தை நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்தார், 1999இல் திறந்தார்கள், மேலே மக்கள் நடக்கக் கீழே உறுப்பினர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அதுதான் மக்களாட்சி என்று கைடு சொல்வார். எல்லாரும் தலையாட்டிவிட்டு செல்ஃபி எடுப்பார்கள். நானும் எடுத்தேன்.

நான் கற்றுக்கொண்டது ஒரு பள்ளிக்கூட அறையில். 2025 பிப்ரவரி 23, நாடாளுமன்றத் தேர்தல். மாலை ஆறு மணிக்கு வீட்டில் டி.வி. முன்னால் உட்காராதீர்கள், பக்கத்தில் இருக்கும் வாக்குச்சாவடிக்குப் போங்கள் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். போனோம். எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. அங்கே வாக்கு எண்ணுவது பொது நிகழ்ச்சி. இடைஞ்சல் செய்யாமல் ஓரமாக நின்றால் யாரும் பார்க்கலாம். ஆறு மணி ஆனதும் மேசைகளை ஒட்டிப் போட்டுப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். எண்ணியவர்கள் அந்த வட்டாரத்து ஆட்கள்தான், ஓய்வுபெற்ற ஒரு அம்மா, காதில் கம்மல் போட்ட ஒரு பையன் என்று.

அங்கே ஒருவருக்கு இரண்டு வாக்கு. முதல் வாக்கு தொகுதி வேட்பாளருக்கு, இரண்டாம் வாக்கு கட்சிப் பட்டியலுக்கு. இரண்டும் ஒரே கட்சிக்கு விழுந்த தாள்களைக் கட்சி வாரியாக அடுக்கினார்கள். பிரிந்து விழுந்தவை தனி அடுக்கு. 'வாக்குப் பிரித்தல்' என்று நோட்ஸில் ஒரு வரியாகப் படித்துத் தேர்வில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த அடுக்கு என் கண் முன்னால் உயர்ந்துகொண்டே போனது. இவ்வளவு பேர் இப்படிக் கணக்குப் போட்டா வாக்களிக்கிறார்கள் என்று இருந்தது.

ஏன் இன்னும் காகிதம்? 2005 தேர்தலில் சில இடங்களில் எந்திரம் வைத்துப் பார்த்தார்கள். அதைப் பயன்படுத்தியது அரசமைப்புக்கு முரண் என்று 2009 மார்ச்சில் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தலின் முக்கியமான கட்டங்களைத் தொழில்நுட்பம் தெரியாத குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். நம் ஊரில் ஈ.வி.எம். சண்டை முழுக்க "ஹேக் பண்ண முடியுமா, முடியாதா" என்பதிலேயே நின்றுவிடுகிறது. ஓரமாக நிற்கும் ஒருவனுக்கு என்ன தெரிகிறது என்றும் கேட்கலாம் என்பது எனக்கு அங்கே போகும்வரை தோன்றியதே இல்லை.

வைகைக்கரை

அண்ணா, யூடியூபில் பார்த்தால் இது கிடைக்காதா?

பெர்லின் பஸ்

எண்ணுவதைப் பார்க்கலாம். மறுநாள் வகுப்பு கிடைக்காது.

2023இல் சட்டத்தைத் திருத்தி மொத்த இடங்களை 630 என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஒரு கட்சி தனக்குக் கிடைத்த இரண்டாம் வாக்கின் பங்குக்கு மேல் தொகுதிகளை ஜெயித்தால், குறைந்த சதவீதத்தில் ஜெயித்தவர்களுக்கு இடம் கிடையாது. அப்படி 2025இல் தொகுதியில் முதலிடம் வந்த 23 பேர் நாடாளுமன்றத்துக்குள் போகவில்லை. வகுப்பில் இதைக் கேட்டதும் "ஜெயித்தவன் எப்படி வெளியே?" என்று நான் சத்தமாகவே கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த ஜெர்மன் பெண் நிதானமாகத் திருப்பிக் கேட்டாள்: "உங்கள் ஊரில் 35 சதவீதம் வாங்கியவர் மற்ற 65 சதவீதம் பேருக்கும் பிரதிநிதி என்கிறீர்களே, அது மட்டும் எப்படி?"

பாடப் புத்தகத்தில் இரண்டு முறைக்கும் நிறை குறை அட்டவணை இருக்கும். அந்த அட்டவணையை நான் எப்போதும் நம் முறைதான் இயல்பு, மற்றது விசித்திரம் என்றே படித்து வந்திருக்கிறேன். உங்கள் அப்பா கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். அங்கே போய் அவர்கள் அரசியலைக் கற்பதைவிட, நம் அரசியலில் எதையெல்லாம் கேள்வியே கேட்காமல் விட்டிருக்கிறோம் என்பது தெரியவரும்.

கடைசி பெஞ்ச்

சரி, அந்தப் பதில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கணக்கு. 2024இல் நம் வாக்காளர் பட்டியலில் சுமார் 97 கோடிப் பேர். அங்கே சுமார் 6 கோடி. மேசையை ஒட்டிப் போட்டுக் கவிழ்ப்பதை வைத்து நம்மை எடை போடாதீர்கள்.

அப்புறம், களம் வேண்டுமென்றால் பாஸ்போர்ட் எதற்கு? கல்லூரியில் படிக்கும்போது ஒரு தேர்தலில் வெப்காஸ்டிங் டூட்டிக்குப் போனேன், வாக்குச்சாவடியில் நடப்பதை நேரலையில் அனுப்பும் வேலை. காலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு. ஏஜென்ட்டுகள் முன்னால் குறைந்தது 50 ஓட்டு போட்டு, எண்ணிக் காட்டி, எந்திரத்தில் அழித்து, யாருக்கு ஓட்டு விழுந்தது என்று எந்திரம் அச்சிடும் அந்த வி.வி.பேட் சீட்டுகளைக் கறுப்பு உறையில் போட்டு சீல் வைத்தார்கள். ஒரு கட்சி ஏஜென்ட் தூக்கக் கலக்கத்தில் இருந்தார். இன்னொருவர் ஒவ்வொரு ஓட்டையும் தன் டைரியில் கோடு போட்டுக் கணக்கு வைத்தார். மாலையில் 17சி படிவத்துக்காக இதே இருவரில் யார் பொறுமையாகக் காத்திருந்தார் என்று நீங்களே ஊகிக்கலாம். மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்று ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் அந்தத் தாள்தான் எண்ணிக்கை நாளில் ஒரு கட்சியின் கையில் இருக்கும் ஆதாரம். பூத்தில் ஆள் வைத்திருக்கும் கட்சிக்கும் இல்லாத கட்சிக்கும் வித்தியாசம் எனக்கு அன்று புரிந்தது. டவுன் பஸ் செலவு.

காவிரி டீச்சர்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ரெஸ்யூமே வரி என்று ஆரம்பித்தவரே நல்ல களக் குறிப்பு எழுதியிருக்கிறார், சந்தோஷம். நீங்கள் இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான். வேடிக்கை பார்க்க ஆள் வராத, சலிப்பான வேலை நடக்கும் நேரத்தில் அங்கே இருந்தீர்கள். தில்லி மாடத்தில் உங்களுக்கு அது வாய்க்கவில்லை.

எங்கள் துறையில் சட்டமன்றம், கலெக்டர் ஆபீஸ் எல்லாம் கூட்டிப் போவோம். அதில் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. அதிகாரி வருவார், வாழ்த்துவார், ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று பேசுவார், குரூப் போட்டோ. கிராம சபைதான் வேறு மாதிரி.

2023 அக்டோபர் 2 அன்று ஒரு ஊருக்குப் போனோம். முந்தைய வாரமே கிராம சபை பற்றிய அரசமைப்பின் 243ஏ பிரிவு, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பழைய தீர்மானங்களின் நகல் எல்லாம் படிக்க வைத்தேன். ஆளுக்கு ஒரு வேலை. ஒருத்தி யார் பேசுகிறார்கள் என்று மட்டும் குறிக்க வேண்டும். ஒருவன் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று படம் போட வேண்டும். இன்னொருவன் தீர்மான நோட்டை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது.

நோட்டைப் பார்த்தவன்தான் முதலில் ஓடி வந்தான். "மேடம், இன்னும் தீர்மானமே எழுதலை, கையெழுத்து வாங்கிட்டு இருக்காங்க!" ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து 50 முதல் 300 பேர் வரை இருந்தால்தான் கூட்டம் செல்லும். ஆகவே ஆட்கள் கலைவதற்குள் கையெழுத்து. நூறு நாள் வேலைக்கு வரும் பெண்கள்தான் கூட்டத்தில் பெரும்பகுதி. தலைவர் ஒரு பெண். தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் ஆனது. மைக்கில் பதில் சொன்னதெல்லாம் அவர் கணவர். வரவு செலவுக் கணக்கை நாலே நிமிடத்தில் வாசித்தார்கள். படம் போட்டவன் காட்டினான்: காலனித் தெருக்காரர்கள் யாரும் பந்தலுக்குள் இல்லை, வேப்ப மரத்தடியில் நின்றார்கள். அங்கிருந்து ஒரு அம்மா தண்ணீர்த் தொட்டியைப் பற்றிக் கத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் செயலர் நோட்டை மறுபடி திறந்து அதையும் ஒரு தீர்மானமாக எழுதினார்.

கிராம சபை ஏமாற்று வேலை என்று ஒரு கோஷ்டி, இல்லை, அந்த அம்மாவுக்கு வேறு எங்கே மைக் கிடைக்கும் என்று இன்னொரு கோஷ்டி. திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் சண்டை. இதற்குமுன் என் வகுப்பில் ஊராட்சிகளுக்கு அரசமைப்பில் இடம் தந்த 73வது திருத்தத்துக்காக யாரும் சண்டை போட்டதில்லை.

உத்திரமேரூருக்கும் போவோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் உறுப்பினராக முடியாது என்று 10ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தது பெரிய விஷயம்தான். ஆனால் வயது 35 முதல் 70, கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி என்றும் இருக்கிறது. அது ஒரு பிராமணச் சபை. வயதை விட்டுவிடுங்கள், மற்ற தகுதிகளின்படி இந்த பஸ்ஸில் எத்தனை பேர் ஓலையில் பெயர் எழுதலாம் என்று கேட்பேன். இதுவரை டிரைவர் அண்ணன் உட்பட ஒருவரும் தேறவில்லை.

ஆல்ப்ஸ் அடிவாரம்

சுவிஸிலிருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் ஏ.எல். வகுப்பில் அரசறிவியல் படித்தது. இங்கே பிள்ளைகள் வளர்ந்த பிறகு திரும்பவும் பல்கலைக்கழகம் போனேன். டீச்சரின் கிராம சபையை வாசித்ததும் கிளாருஸ் ஞாபகம் வந்துவிட்டது.

கிளாருஸ் ஒரு சிறிய மாநிலம். மே மாதம் முதல் ஞாயிறு, வாக்குரிமை உள்ள எல்லோரும் நகரச் சதுக்கத்தில் கூடிச் சட்டம் இயற்றுவார்கள். யாரும் மேடை ஏறித் திருத்தம் கொண்டு வரலாம். பிறகு வாக்கு அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். எண்ணுவது இல்லை! தலைவர் மேடையில் நின்று கண்ணாலே மதிப்பிடுவார். சந்தேகம் என்றால் இன்னொரு தரம் தூக்கச் சொல்வார், பக்கத்தில் நிற்கும் அமைச்சர்களைக் கேட்பார். அவர் சொன்னால் முடிந்தது. வாக்காளர்களைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நான் பார்வையாளர் பக்கம் நின்ற வருடம் ஒரு பிரேரணைக்கு அட்டைகள் பாதிக்குப் பாதி போலவே தெரிந்தன. முடிவைச் சொன்னதும் தோற்ற பக்கத்தார் முணுமுணுத்தார்கள். பிறகு பையிலிருந்து சாண்ட்விச்சை எடுத்துச் சாப்பிட்டபடி அடுத்த பிரேரணையைப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் ஆய்வுக் கட்டுரையே.

2006இல் அங்கே இருந்த 25 உள்ளூராட்சிகளைப் பத்தாகக் குறைக்கலாம் என்று அரசு பிரேரித்தது. கூட்டத்தில் ஒருவர் எழுந்து மூன்று போதும் என்றார். சபை மூன்றையே ஏற்றது. அடுத்த வருடம் வாக்களிக்கும் வயதை 16 ஆக்கியதும் இதே சதுக்கம்.

அழகான கதை என்று நினைத்துவிட வேண்டாம். இதே முறை உள்ள இன்னொரு மாநிலமான அப்பன்செல் இன்னர்ரோடனில் பெண்களுக்கு மாநில வாக்குரிமை தர ஆண்கள் கை தூக்க மறுத்துக்கொண்டே இருந்தார்கள். 1990இல் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்டுத்தான் கிடைத்தது. கிளாருஸில் வேலை செய்து வரி கட்டும் வெளிநாட்டவரும் இன்று கயிற்றுக்கு வெளியேதான். டீச்சரின் வேப்ப மரமும் இந்தக் கயிறும் ஒரே ஆராய்ச்சிக்குரியவை.

ஜெனீவாவையும் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் பலருக்கு ஐ.நா. அலுவலகத்துக்கு முன்னால் முறிந்த நாற்காலிச் சிற்பம் நிற்கும் திடல் தெரியும். ஒவ்வொரு மார்ச்சிலும் அங்கே நின்றிருக்கிறோம். உள்ளே ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் நடப்பது அநேகருக்குத் தெரியாது. வெளியே நிற்கும்போது வாக்கெடுப்புத்தான் எல்லாம் என்று தோன்றும். 2021 மார்ச்சில் இலங்கை பற்றிய 46/1 தீர்மானத்துக்கு ஆதரவு 22, எதிர்ப்பு 11, நடுநிலை 14. இந்தியா நடுநிலை. 2012இல் இதே பேரவையில் இந்தியா ஆதரவாக வாக்களித்திருந்தது. நாங்கள் இந்த எண்களை மனப்பாடமாக வைத்திருந்தோம். மாணவியாக உள்ளே போன பிறகுதான் பார்த்தேன், வாக்கெடுப்புக்கு முன்பே சின்ன அறைகளில் முறைசாராக் கூட்டங்கள் நடக்கின்றன. திரையில் வரைவு, பந்தி பந்தியாகப் பேரம். பெரிய மண்டபத்தில் பொது விவாதத்தில் அரசுசாரா அமைப்புக்கு ஒன்றரை நிமிடம். நேரம் முடிந்தால் ஒலிவாங்கி நின்றுவிடும், உறவை இழந்தவர் பேசினாலும் அதே விதிதான். கோபம் வந்தது. ஆனால் எந்த அறையில் எந்த வாரம் எதைப் பேசினால் வரைவில் ஏறும் என்பதும் அங்கேதான் விளங்கியது.

மழைநகரம்

லண்டனில் படித்தவன். எங்களை வட அயர்லாந்தின் தலைநகர் பெல்ஃபாஸ்டுக்குக் கூட்டிப் போனார்கள். கத்தோலிக்கர் பகுதிக்கும் புராட்டஸ்டன்ட் பகுதிக்கும் நடுவே அங்கே சுவர். கத்தோலிக்கப் பக்கத்துத் தெருவை ஒரு முன்னாள் கைதி காட்டினார், சுவரின் வாசல்வரை. அங்கே புராட்டஸ்டன்ட் பக்கத்து முன்னாள் கைதி வந்து எங்களை வாங்கிக்கொண்டார். அதே ஆண்டுகள், அதே சாவுகள், இரண்டு கதை. மறுநாள் ஸ்டோர்மான்ட், அங்குள்ள சட்டமன்றம். 1998 அமைதி ஒப்பந்தப்படி அங்கே உறுப்பினர்கள் தங்களை 'ஐக்கியவாதி' (பிரிட்டனோடு இருக்க விரும்புபவர்), 'தேசியவாதி' (அயர்லாந்தோடு சேர விரும்புபவர்), 'மற்றவர்' என்று பதிவு செய்ய வேண்டும், முக்கியமான சில முடிவுகளுக்கு இரு தரப்பின் ஒப்புதலும் வேண்டும். அரசியல் அறிஞர் லெய்ப்ஹார்ட்டின் அதிகாரப் பகிர்வுக் கோட்பாட்டைச் சுவரைப் பார்த்துவிட்டு வந்து படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. அவரே 1996இல் இந்தியாவை அந்தக் கோட்பாட்டில் அடக்கி ஒரு கட்டுரை எழுதினார். வைகைக்கரை, போகும் முன் அதைப் படித்துவிடுங்கள், ஜெர்மன் வகுப்பில் இந்தியாவைப் பற்றி உங்களைக் கேட்காமல் விடமாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. களத்தில் கைடு என்று வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு தரப்பு உண்டு. ஒரு பக்கத்து ஆளோடு மட்டும் சுற்றிவிட்டு "நேரில் பார்த்தேன்" என்று வருபவர், புத்தகம் மட்டும் படித்தவரைவிட ஆபத்தானவர்.

கடைசி பெஞ்ச்

எல்லாம் சரி. யார் காசு? என் பேட்ச்சில் பாதிப் பேர் வீட்டில் முதல் பட்டதாரி. ஸ்டோர்மான்ட், கிளாருஸ் என்று நீங்கள் எழுத எழுத, இதெல்லாம் இல்லாமல் படித்தவனின் பட்டம் அரைப் பட்டம் என்று ஆகிவிடுகிறது.

பெர்லின் பஸ்

அரைப் பட்டம் இல்லை தம்பி, உங்கள் 17சி கதையை நான் ஜெர்மனியில் படிக்கவே முடியாது. ஆனால் காசு விஷயம் மறைக்கக் கூடாதது. விசாவுக்கு மாதம் 992 யூரோ வீதம் கணக்கில் காட்டச் சொல்வார்கள், ஒரு வருடத்துக்கு 11,904. பெர்லின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்றாலும் அறை வாடகை ஆளை விழுங்கும். விடுதி அறைக்கு இன்றே வரிசையில் பெயர் போடுங்கள். முழுப் படிப்புக்குப் போவதாக இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகை மாதம் 1,400 யூரோ தருகிறது. அப்படிப் போன நம்மூர்ப் பிள்ளைகளைத் தெரியும்.

காவிரி டீச்சர்

தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் இருக்கிறது, பட்டியல், பழங்குடி மாணவர்கள் பாருங்கள். மத்திய அரசின் தேசிய அயலக உதவித்தொகையில் ஒரு சிக்கல். இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா சார்ந்த சமூக ஆய்வு ஆகியவற்றை 2022இல் அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். சாதி பற்றியோ உள்ளாட்சி பற்றியோ வெளியே போய் ஆராய நினைக்கும் அரசியல் அறிவியல் மாணவரைத்தான் அது நேராக அடிக்கிறது. விண்ணப்பிக்கும் முன் தலைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை

எல்லாருக்கும் நன்றி. பெரியப்பா பாதி தருவதாகச் சொல்லியிருக்கிறார், மீதிக்குக் கல்விக் கடன் கேட்கிறோம். பெர்லின் பஸ் எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "ஜெயிச்ச 23 பேரும் சும்மாவா விட்டாங்க?" என்றார். இப்போது அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. மே 1 கிராம சபைக்கு எங்கள் ஊருக்கே போகப் போகிறேன், டீச்சர் சொன்ன மாதிரி உட்காரும் இடம், நோட்டு, கடிகாரம் எல்லாம் குறிக்க. களத் தாளுக்குப் பதிலாக அந்த அறிக்கையை ஏற்க முடியுமா என்று துறைத்தலைவரிடம் கேட்டிருக்கிறேன். பெர்லினில் அந்த மாதிரி எண்ணிக்கை மறுபடி எப்போது?

பெர்லின் பஸ்

2026 செப்டம்பர் 20, பெர்லின் மாநிலத் தேர்தல். இந்த முறை 16 வயதுக்காரர்களுக்கும் வாக்கு உண்டு. குளிர்கால செமஸ்டர் தொடங்குவது அக்டோபர் 1, ஆகவே சாதாரணமாக விண்ணப்பித்தால் தேர்தல் முடிந்துதான் போய் இறங்குவீர்கள். பல பல்கலைக்கழகங்கள் செமஸ்டருக்கு முன் செப்டம்பரில் ஜெர்மன் மொழி வகுப்பு வைக்கும். உங்களுக்கும் உண்டா என்று அங்குள்ள சர்வதேச அலுவலகத்துக்கு இன்றே ஒரு மெயில் போடுங்கள். அந்த வகுப்பின் கடிதத்தை இணைத்து விசாவில் நுழைவுத் தேதியை முன்னால் கேட்கலாம். விசா அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதுதான் பெரும்பாடு, அதை முதலில் பிடியுங்கள்.